செக்கன் அண்ணனும் என் வீட்டு ரவுட்டரும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சேர்த்து, சரியான நேரம் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தது என் அதிர்ஷ்டமா, தலைவிதியா என்று பல வருடங்களாக எனக்குத் தெரியவில்லை.

பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கை முழுக்க அவர் செக்கன் அண்ணன்தான். மணி கேட்டால் மணி, நிமிடம், செக்கன் மூன்றையும் சொல்வார். பிறகு, "இதச் சொல்லி முடிக்கக்குள்ள ரெண்டு செக்கன் போயிற்று" என்று திருத்தி இன்னொரு தரம் சொல்வார். கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார், சுவர் மணிக்கூட்டைத்தான் பார்ப்பார். ஒருமுறை கோயில் கூட்டத்தில், தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் கதிரை போட்டு ஏறி, நாலு நிமிடம் பிந்தி ஓடிய மணிக்கூட்டைத் திருத்தினார். தலைவர் முறைத்தார். "நீங்க கதைங்க தலைவர், உங்களுக்கு இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு" என்றார் மேலே நின்றபடியே.

மனைவி இல்லாதவர். ஒரே மகள் கனடாவில். அப்பா தனியாக இருக்கிறாரே என்று அவள் ஒரு ஸ்மார்ட் புரொஜெக்டர் அனுப்பிவைத்தாள். வெள்ளைச் சுவருக்கு நேரே வைத்தால் அறை அகலத்துக்குப் படம் விழும். வைஃபை என் வீட்டிலிருந்து மதிலுக்கு மேலால் போனது. பாஸ்வேர்டை நானே சந்தோசமாகக் கொடுத்தேன்.

அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு குறை. கரண்ட் போய் வந்தால் நேரத்தை மறந்துவிடும். எத்தனையோ வருடம் பின்னால் போய், ஏதோ ஒரு ஜனவரி முதலாம் திகதியில் நிற்கும். திகதி பிழைத்தால் அதில் ஒன்றும் திறக்காது. இன்டர்நெட் கிடைத்தால்தான் சரியான நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும். உலகத்தில் இத்தனை வீடு இருக்க, இந்தச் சாமான் செக்கன் அண்ணன் வீட்டுக்கா வந்து சேரவேண்டும்!

"மனே! பொட்டி திரும்பவும் பழைய வருசத்துக்குப் போயிற்று. ரவுட்டர ஒருக்கா நிப்பாட்டிப் போடு!" என்று மதிலுக்கு மேலால் சத்தம் வரும். மகனே என்பதைத்தான் அப்படிச் சொல்வார். நான் வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்கிறவன். முணுமுணுத்துக்கொண்டே எழும்பிப் போய் நிறுத்திப் போடுவேன். "வந்திட்டு, வந்திட்டு! மூணு செக்கன் பிந்தித்தான் காட்டுது, பரவாயில்ல" என்று பெருமனதோடு மன்னிப்பார்.

நேரம் சரிவந்ததும் கோயில் திருவிழா வீடியோக்களை நாள் முழுக்க ஓடவிடுவார். என் லைன் இழுபடும். கூட்டத்தில் மேலதிகாரியின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நிற்கும். ஒருநாள் பொறுமை கெட்டு ரவுட்டரின் செட்டிங்குக்குள் போனேன். காலை எட்டிலிருந்து பின்னேரம் ஐந்து வரை அவருடைய புரொஜெக்டருக்கு இன்டர்நெட் போகாதபடி பூட்டுப் போட்டேன். குழப்படிப் பிள்ளைகளுக்குப் போடுகிற பூட்டு அது. அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே செய்தேன்.

பகலில் மனிதர் நித்திரை கொள்வார் என்று நினைத்தேன். அவரோ கொப்பி ஒன்றை எடுத்து ஆராய்ச்சி தொடங்கிவிட்டார். ஒரு கிழமை கழித்து மதிலடியில் முடிவு வெளியானது.

"விசயம் புடிபட்டிற்று மனே. பகல்ல வாவியில தண்ணி ஏறுது. தண்ணி ஏறினா வைஃபை வராது. அஞ்சு மணிக்குத் தண்ணி வடியுது, மறுகா நேரம் டக்கெண்டு வருது."

"அப்பிடியும் இருக்கலாம் அண்ணன்" என்றேன், முகத்தை மாற்றாமல்.

உள்ளே போய் மனைவியிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம் அந்த மனிசன். பூட்ட எடுத்து விடுங்க" என்றாள். நாளைக்கு எடுக்கிறேன் என்றேன்.

அந்த நாளைக்கு வருவதற்குள் அண்ணனுடைய மகளின் கலியாணம் வந்துவிட்டது. கனடாவில்தான் நடந்தது. அண்ணனுக்கு விசா கிடைக்கவில்லை. தாயில்லாத பிள்ளைக்குத் தகப்பனும் பக்கத்தில் நிற்கமுடியாமல் தாலி ஏறப்போகிறது. அவர் அழவில்லை. சுவரில் நேரடியாகப் பார்த்தபடி அறுகரிசி போட்டு வாழ்த்துவதென்று முடிவெடுத்து, அந்தச் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்தார். அங்கே காலை முகூர்த்தம், எங்களுக்கு இரவு ஏழு மணி நாலு நிமிடம்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிபோலக் கரண்ட் போய் வந்திருந்தது. பெட்டி வழக்கம்போலப் பழைய ஜனவரியில் நின்றது. அவர் பயப்படவில்லை. "அஞ்சு மணிக்குத் தண்ணி வடிஞ்சிரும்" என்று சொல்லி, ஐந்து மணி வரை பெட்டியை நிறுத்திவைத்தார். ஆறரைக்கு ஒழுங்கைச் சனம் முழுக்கக் கதிரைகளில் இருந்தது. நேரம் வரவில்லை. அவர் தானே திகதியையும் மணியையும் அடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, செக்கன் முள் பன்னிரண்டுக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பட்டனை அழுத்தினார். சுவரில் "இணைய வசதி இல்லை" என்று வந்தது.

"மனே, ரவுட்டர ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுட்டு வாறியா?"

"என்ட பக்கத்தில ஒரு பிழையும் இல்ல அண்ணன். இப்பதான் பார்த்துட்டு வாறன்."

நான் பார்க்கவில்லை. கையில் சூடான வடை இருந்தது, எழும்பப் பஞ்சியாக இருந்தது, சோம்பல்தான். வேறு காரணம் இல்லை.

"உன்ட ரவுட்டர்ல நேரம் சரியா ஓடுதா மனே?"

"ரவுட்டருக்கு என்ன நேரம் அண்ணன்? அது என்ன, அக்கரைப்பற்று பஸ்ஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஏழு நாலு ஆனது. படம் வரவில்லை. செக்கன் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப கட்டுறாங்க. என்ட புள்ள ஒரு நாளும் பிந்தமாட்டாள்" என்று சொல்லி, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து அறுகரிசியைத் தூவினார். நாங்களும் எழும்பித் தூவினோம்.

அதற்குப் பிறகுதான் என் மனைவிக்கு யோசனை வந்தது. தன் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுத்தாள். அடுத்த நொடி பெட்டி நேரத்தைத் தானாக எடுத்துக்கொண்டது. படம் வந்தது. தாலி ஏறி முடிந்து, கனடாவில் சனம் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தது. "பரவாயில்ல, சாப்பாட்டையாவது பார்ப்பம்" என்றார் அண்ணன். "பொட்டிக்கு வயசு போயிற்று, அதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

மறுநாள் காலை ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். அதற்குள்ளும் ஒரு மணிக்கூடு இருந்தது, இன்டர்நெட்டில் நேரம் எடுக்கும்படி நான் சொல்லிவைக்காத மணிக்கூடு. காலை ஒன்பதுக்குக் கரண்ட் வந்ததும் அது தன்பாட்டில் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. எங்களுக்கு இரவு ஏழு மணி, அதற்குக் காலை பத்து. காலை பத்துக்கு நான் போட்ட பூட்டு விழவேண்டுமே, ஒழுங்காக விழுந்திருக்கிறது. வடையை வைத்துவிட்டு எழும்பிப் போய் ஒருதரம் நிறுத்திப் போட்டிருந்தால், ஒரு தகப்பன் மகளின் தாலியைப் பார்த்திருப்பார்.

பூட்டை எடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று மூன்று வருடம் மதிலடியில் நின்று வேறு எல்லாம் பேசினேன். போன மாதம் அவர் போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு மகள் வந்திருந்தாள். தாங்கமுடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அப்பாக்கு அண்டைக்கே தெரியும் சித்தப்பா. போன்ல போட்ட உடனே நேரம் வந்திற்றாம், அப்ப பிழை உங்கட ரவுட்டர்லதான் எண்டு எனக்கிட்ட சொன்னவர். 'அவனுக்கிட்ட கேட்டிராத புள்ள, அறிஞ்சா மனம் உடைஞ்சு மறுகா மதிலடிக்கு வரமாட்டான்' எண்டும் சொன்னவர்."

அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததைக்கூட அறியாமல் மூன்று வருடம் அவரிடமிருந்து ஒளிந்திருக்கிறேன். பத்தடி தூரத்தில் நின்று சொல்லியிருக்கவேண்டிய ஒரு வசனத்தை இப்போது பத்திரிகையில் எழுதுகிறேன்.

அண்ணன், பிழை என்னிலதான்.