ஏழாம் நம்பர் கல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். கற்களும் நலம்.

போன் எடுக்காத மலைக்காட்டில் இருக்கிறீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். நீங்கள் ஒப்படைத்துவிட்டுப் போன எரிமலைக் கற்களை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். அவை புவிக்கவசத்தின் அடியாழத்திலிருந்து சூடாகக் கொப்பளித்து வந்தவை என்கிறார் உங்கள் மேலதிகாரி, இல்லை, ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் நுழைந்ததால் உருகி வந்தவை என்கிறீர்கள் நீங்கள், நியோபியம் என்ற சரக்கு குறைவாக இருந்தால்தான் உங்கள் கட்சி ஜெயிக்கும், தோற்றால் வேலை நிரந்தரமாகாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன்.

ஒரே ஒரு சின்னச் சங்கடம். "மாப்பிள்ளை சாமான் இவ்ளோ அழுக்கா போனா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று உங்கள் அத்தை சோப்புப் போட்டுத் தேய்த்ததில் நீங்கள் எழுதிய நம்பரெல்லாம் போய்விட்டது. "முந்நூறு கோடி வருஷத்துக் கல்லுடி!" என்று கத்தினேன். "அத்தனை வருஷமா ஒருத்தர்கூடத் தேய்ச்சு வைக்கலையா?" என்கிறாள். பெரிய கல் ஒன்று, அடுத்தது இரண்டு என்று உயரவாரியாக நானே நம்பர் போட்டுவிட்டேன். ஆபீசில் கோப்பு அடுக்கிய கை, தப்பாது. ஒரு கல்லும் குறையவில்லை. நிம்மதியாக இருங்கள்.

தொப்பியில்லாமல் வெயிலில் அலைய வேண்டாம். உங்கள் ஆயுளும் உத்தியோகமும் பாறைபோல் நிலைக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாமல் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. அதற்குள் உங்கள் மேலதிகாரி போன் செய்தார். "உங்க மாப்பிள்ளை சொன்னதுதான் சார் சரி. மத்த கல்லெல்லாம் குழப்புது. ஏழாம் நம்பர்தான் பளிச்சுன்னு காட்டிக்குடுத்துச்சு" என்றார். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். அப்புறம்தான் உங்கள் அத்தை வாயைத் திறந்தாள். உங்கள் கல் ஒன்று குளியலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறதாம். எண்ணிக்கை குறைந்தால் நான் கத்துவேனென்று, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிடந்த கல்லை உருவித் தேய்த்து வைத்தாளாம். அதற்கு நான் போட்ட நம்பர்தான் ஏழு.

அது கிடைத்த இடத்தை நேரில் பார்க்க உங்கள் மேலதிகாரி பட்டாளத்தோடு புறப்படுகிறார். மலைக்கு வரச் சொல்வதா, நம் வீட்டுக்கா என்று உடனே எழுதவும். வீட்டுக்கென்றால், கையோடு அதே அளவில் ஒரு கல் எடுத்துவரச் சொல்ல வேண்டுமாம். தொட்டி ஒரு பக்கம் சாய்கிறது என்கிறாள் உங்கள் அத்தை.