பேப்பர் அங்கிளின் வெள்ளைப் பக்கம்

கவிதை வாசித்து, ஹீட்டர் ரிப்பேருக்கு ஆள் வரவழைத்த மனிதர் இந்த உலகத்திலேயே பேப்பர் அங்கிள் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

நடந்தது நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில், இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு வீட்டு பாட்லக்கில் ரசம் சாதத்துக்கும் கேசரிக்கும் நடுவில் அங்கிள் எழுந்தார். கையில் பழுப்பேறிய ஒரு தாள். அதில் 'ஆர்' என்ற ஒரே ஆங்கில எழுத்து மேலும் கீழுமாக இறைந்து கிடந்தது. கண்ணை மூடி "ர்ர்ர்ர்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஹீட்டர்தான் உறுமுகிறது என்று வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு ஓடினார். மறுநாள் வந்த மெக்கானிக், ஹீட்டரில் ஒரு கோளாறும் இல்லை என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனான்.

அங்கிள் வாலிபத்தில் ஜெர்மனிக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனவர். பட்டத்தோடு இந்த மாதிரித் தாள்களையும் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்துவிட்டார்.

"அங்க போர்ல வார்த்தையெல்லாம் கெட்டுப்போச்சு தம்பி. வார்த்தையைக் கத்தித்தானே ஊரையே கொளுத்தினாங்க? அதான் அந்த ஊர்க் கவிஞர் பசங்க எழுத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. பேப்பர்ல இருக்கறது வெறும் சமையல் குறிப்பு. மேடையில நின்னு பண்ணினாத்தான் சாப்பாடு."

"பசிக்குதா அங்கிள்?" என்றேன்.

இன்னொரு தாளில் எழுத்துகள் வட்டமாக இருந்தன. அதை நடந்துகொண்டேதான் வாசிக்க வேண்டுமாம். இந்தியன் ஸ்டோர் பார்க்கிங் லாட்டில் முணுமுணுத்தபடி சுற்றிச் சுற்றி வந்தார். போலீஸ்காரர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், பெரியவர் காரை எங்கே விட்டோம் என்று மறந்துவிட்டார் என முடிவுகட்டி, தானும் கூடவே நடந்து தேடினார்.

ஆனால் பெட்டியின் அடியில் இருந்த ஒரு தாளை மட்டும் அங்கிள் இந்த ஊரில் எங்கேயும் வாசிக்கவில்லை. அது முழு வெள்ளை. ஒரு மூலையில் பக்க எண் மட்டும் அச்சாகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பதுதான் கவிதை.

"ஜெர்மனியில ஒரு தடவை இதோட மேடையேறினேன். பாதியிலேயே விசிலடிச்சு இறக்கிட்டாங்க. கடைசிவரைக்கும் ஒரே ஒரு தடவை நின்னுடணும் தம்பி" என்றார். சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

அந்த வருஷம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில், குழந்தைகள் டான்ஸ் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு இடம் கிடைத்தது. "அஞ்சே நிமிஷம் அங்கிள், சாம்பார் ஆறுது" என்றார் சங்கத் தலைவர்.

கறுப்புக் கோட்டு. குனிந்த தலை. நெஞ்சுக்கு நேரே வெள்ளைத்தாள். ஒரு வார்த்தையும் இல்லை. மைக் போய்விட்டதோ என்று ஒருவர் வயரை ஆட்டிப் பார்த்தார். அப்போது முதல் வரிசை டாக்டர் மெல்ல எழுந்து கைகட்டி நின்றார். அவ்வளவுதான். அவர் வரிசை எழுந்தது, பிறகு மண்டபமே எழுந்தது. யாருக்கோ மௌன அஞ்சலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நான் மட்டும் விஷயம் தெரிந்து நின்றேன். ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையின் கொலுசு எங்கோ சிணுங்கி அடங்கியது. அந்த வெள்ளைத்தாள் எது, வெளியே பெய்யும் வெள்ளை எது என்று சற்று நேரம் பிரிக்க முடியவில்லை. அதற்கு முந்தின வருஷம் இறந்த என் அப்பா ஞாபகம் வந்தது. எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது. அங்கிள் தாளை மடித்துக்கொண்டு இறங்கினார். துக்கத்துக்கு யார் கைதட்டுவார்கள்?

சாப்பாட்டு வரிசையில் ஸ்டெல்லா ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "யாருப்பா தவறினது?" உளறிவிட்டேன். யாரும் தவறவில்லை, அது கவிதை என்றேன். ஆன்ட்டியின் வாயில் எந்த விஷயமும் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. தட்டோடு நேராக அங்கிளிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அங்கிளின் கண்கள் கலங்கியிருந்தன. "அங்க விசிலடிச்சாங்க ஸ்டெல்லா. இங்க அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னாங்க, பாத்தியாம்மா?"

ஆன்ட்டி வாயைத் திறந்தார். மூடினார்.

"பாத்தேண்ணே. எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றவர் அவர் தட்டில் இன்னொரு வடையை வைத்தார்.

எங்கள் சங்கத்தில் எந்த ரகசியமும் பார்க்கிங் லாட்டைத் தாண்டாமல் இருந்ததில்லை. இதுவும் மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது; ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் அவர் காதுக்கு மட்டும் போகவில்லை. இங்கே அச்சில் வந்தாலும் பயமில்லை, இத்தனை வார்த்தை உள்ள பக்கத்தை அவர் தொடமாட்டார். இன்றும் யாராவது கேட்டால், கவிதைக்காகத்தான் எழுந்தோம் என்கிறோம். சொல்லிச் சொல்லி, எனக்கு இப்போது அது பொய்யாகவும் தோன்றுவதில்லை.