சற்று முன் பதிவு செய்தார்

"யோவ் கிருபா, என் பொண்டாட்டி செத்துட்டாளாமே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

காலை எட்டரை மணிக்குத் திருமுல்லைவாயில் சம்பந்தம் போனில் இப்படிக் கேட்டதும், அம்பத்தூர் கிருபாகரனுக்கு வாயிலிருந்த இட்லி இறங்கவில்லை.

"அண்ணே, இன்னா சொல்றீங்க? அண்ணி நல்லாத்தானே கீறாங்க?"

"நல்லாத்தான் கீறா. அவ தம்பி அரக்கோணத்துலேந்து ஆளுயர மாலையத் தூக்கிகினு வந்துட்டான். அவளே கதவத் தொறந்து 'மாலை யாருக்குடா?'ன்னு கேட்டா. அவன் வாசல்லயே மயங்கி வுழுந்துட்டான். நான் ஐஸ் பொட்டி புக் பண்ணேன்னு உன் வெப்சைட்டுல வந்துச்சாமே?"

கிருபாகரன் பத்தொன்பது வருடமாக ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறவன். ஊர் அதை ஐஸ் பெட்டி என்று சொல்லும். ஒரு வீட்டில் உயிர் போனால், அழுகை ஓய்வதற்குள் யாராவது ஒருவர் "கிருபாவுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்ட காலம் உண்டு. எத்தனை மாடி என்றாலும் முகம் சுளிக்காமல் பெட்டியை ஏற்றுவான். எழவு வீட்டில் பேரம் பேச மாட்டான். இப்போதெல்லாம் ஜனங்கள் செல்போனில் தேடி, முதலில் வருகிறவனைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு மாதமாக அவனுக்கு ஒரு அழைப்பும் இல்லை. யாரும் சாவதை நிறுத்திவிடவில்லை, அவனைக் கூப்பிடுவதைத்தான் நிறுத்தியிருந்தார்கள். அது அவனுக்கு அவமானமாக இருந்தது.

மனைவி வசந்தா கெடு வைத்துவிட்டாள். இன்று நான்கு மணிக்கு ஆவடி ஜெயராமன் வந்து, மிச்சமிருக்கும் ஒரே பெட்டியையும் விலைக்கு எடுத்துப் போவான். அதற்குள் ஒரே ஒரு பதிவு வந்தால் பெட்டி போகாது. ஜெயராமனை வசந்தாவே திருப்பி அனுப்புவாள். அடுத்தவர் வீட்டில் சாவு விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வது பாவம் என்பதால், கிருபாகரன் சாமியிடம் "வெப்சைட் நல்லா ஓடணும்" என்று மட்டும் வேண்டிக்கொண்டான்.

அந்த வெப்சைட்டை அவனே கட்டினான். கோடிங்கில் ஒரு எழுத்து தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை என்றது ஒரு வீடியோ. எது வேண்டுமானாலும் அதற்கொரு ப்ளகின் இருக்கிறது, பட்டனைத் தட்டினால் வந்து ஒட்டிக்கொள்ளும். பதிவுப் படிவத்துக்கு ஒன்று, திரையில் பூ உதிர்வதற்கு ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போனான். கூட்டமில்லாத கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள் என்பதால், கூட்டம் இருப்பதாகக் காட்டவும் ஒன்றை ஒட்டினான். மூலையில் சின்னக் கட்டம் எழும்பி, 'இன்னார், இன்ன ஊர், சற்று முன் பதிவு செய்தார்' என்று சொல்லிவிட்டு மறையும். மாதிரிக்குச் சில பெயர்கள் கொடு என்று கேட்டது. தெரிந்தவர்கள் பெயரையே கொடுத்தான். முன்பின் தெரியாத பெயரைப் போட்டால் பொய்யாகிவிடுமே!

சம்பந்தத்தின் பெயரை எடுத்துவிட்டு அப்பாடா என்று நிமிர்வதற்குள் அடுத்த போன் வந்தது. பெட்டிக்கு மேல்மூடிக் கண்ணாடி போட்டுக் கொடுத்த பூந்தமல்லி அப்துல் கையூம்.

"கிருபா, எங்கள்ல ஒருத்தர் மௌத்தானா நேரம் கடத்தாம அடக்கம் பண்ணிடுவோம். எனக்கு எதுக்குப்பா ஐஸ் பொட்டி? வூட்ல யாரை மறைச்சு வச்சிருக்கேன்னு ஜமாஅத்துலேந்து ஆள் வந்துட்டாங்க!"

அதே நேரத்தில், பட்டியலில் அடுத்த பெயரான ஆக்னஸ் டீச்சர் வீட்டு வாசலில் ஜெபக்கூட்டம் முழங்காலிட்டிருந்தது. டீச்சர் அழவில்லை, திட்டினார். அதுவும் இங்கிலீஷில்.

கிருபாகரன் பெயர்ப் பட்டியலை மொத்தமாகத் துடைத்தான். ப்ளகின் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டது. 'யெஸ்' தட்டினான். இதுவரை எதற்கும் அவன் 'நோ' தட்டியதில்லை.

ஆனால் விஷயம் பரவிவிட்டது. போன் ஓயவில்லை. லைன் கிடைக்காதவர்கள் வெப்சைட்டின் பதிவுப் படிவத்திலேயே திட்ட ஆரம்பித்தார்கள். வசந்தா ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"'நீ செத்தாத்தான் ஊரு உருப்படும்.' 'உன் பொணத்த அந்தப் பொட்டியிலயே வச்சுக்கோ.' இது யாரு, உன் தங்கச்சி வூட்டுக்காரரா?"

"படிச்சது போதும்மே. இதுக்கும் ஒரு ப்ளகின் கீது."

இருந்தது. வேண்டாத வார்த்தைகளை அதில் எழுதி வைத்தால், அவை வரும் படிவங்களை அதுவே குப்பையில் போட்டுவிடும். அனுப்பியவருக்குப் பதிலும் சொல்லிவிடும். வசந்தா வசைகளிலிருந்து பொறுக்கிக் கொடுக்க, கிருபாகரன் தட்டினான்: சாவு, செத்து, பொணம், பாடை. பதிலை மட்டும் மரியாதையாக அவனே எழுதினான்: 'யாரும் இறக்கவில்லை. பொய்ச் செய்திகளைப் பரப்ப வேண்டாம். தங்கள் ஆதரவுக்கு நன்றி.'

படிவம் ஒரே நொடியில் அமைதியானது. இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

பதினொன்றரை மணிக்கு மூலையில் கட்டம் எழும்பியது: 'பாண்டியன், வேலப்பன்சாவடி, சற்று முன் பதிவு செய்தார்.'

"யாருய்யா பாண்டியன்?" என்றாள் வசந்தா.

"எனக்கு எந்தப் பாண்டியனையும் தெரியாது!"

"நீதான் எழுதியிருப்ப."

"சத்தியமா இல்ல. நான் பேர் குடுக்கலன்னதும் அதுவே ஆள் புடிக்க ஆரம்பிச்சுட்ச்சி."

பதிவுகள் வரும் பக்கத்தைத் திறந்து பார்த்தான். காலி. யாரோ ஒரு பாண்டியன் வீட்டுக்கும் இப்போது மாலையோடு ஆட்கள் போவார்களே என்று பயந்து, தளத்தின் நெற்றியில் சிவப்புப் பட்டை ஒன்றை ஓடவிட்டான்: 'வேலப்பன்சாவடி பாண்டியன் வீட்டில் அனைவரும் நலம்.'

ஒரு மணிக்கு மறுபடி பாண்டியன். மூன்று மணிக்கு மறுபடி.

"ஒரே ஊட்ல மூணு சாவா? கொஞ்சமாவது நாயம் வேணாமா இதுக்கு?" என்று கிருபாகரன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான். ஒரே ஒரு பதிவு கேட்டவனைப் போய், இல்லாத பதிவைத் திரும்பத் திரும்பக் காட்டி இப்படிக் கேலி செய்ய வேண்டுமா? அவன் கண் கலங்கிவிட்டது.

நான்கு மணிக்கு ஜெயராமனின் மினி லாரி வந்தது. ஜெயராமன் தொழில்காரன், ஆனால் கெட்டவன் இல்லை. "வேணும்னா இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பாரேன் கிருபா," என்றான்.

"இல்ல மாமே. எவனும் கூப்புடல. ஊரு என்னை மறந்துட்ச்சி."

கிருபாகரன் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தான். எத்தனையோ கைகள் அதன் மேல் விழுந்து அழுதிருக்கின்றன. இன்று அவன் கையும் ஒரு நிமிடம் அதன் மேலேயே கிடந்தது. லாரி திருப்பத்தில் மறைந்ததும், கெடு வைத்த வசந்தாதான் முதலில் அழுதாள். அவளைத் தேற்றத் தெரியாமல் அவன் காலியான ஷெட்டைப் பெருக்கினான்.

பெருக்கி முடிக்கும்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. முப்பது வயதுக்காரன், வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"கிருபாகரன் அண்ணே நீங்கதானே? உங்க போன் எப்பப் பார்த்தாலும் பிசி. விசாரிச்சுகினே வந்தேன்."

"இன்னாப்பா வேணும்?"

"பெரிப்பா போனப்ப நீங்கதான் வந்தீங்களாம். வேற யாரையும் கூப்புடாத, கிருபா அண்ணன் பொட்டிதான் வரணும்னு எங்கம்மா ஒரே பிடிவாதம். நான் பாண்டியன், வேலப்பன்சாவடி."

துடைப்பம் கிருபாகரனின் கையிலிருந்து நழுவியது.

"மூணு தபா புக் பண்ணேண்ணே. எங்க நைனா செத்துட்டாருன்னு எழுதுனா, 'யாரும் இறக்கவில்லை'ன்னே பதில் வருது. காலைலேந்து தரையிலயே கெடத்தி வச்சிகீறோம், சொந்தக்காரன் ஒருத்தனும் வரல. நீங்களே ஒரு தபா வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க, செத்துட்டாரா இல்லியான்னு."