கண்ணாடிக் கதவும் என் மேல் விழுந்த பழியும்

அன்புள்ள தங்கைக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். தரை மட்டும் ஈரம்.

கடிதம் கிடைத்ததும் உன் வீட்டுப் பின்னறையை ஒழித்து வை. பெட்டியைக் கட்டிவிட்டேன். மகன் வீட்டில் இனி இருக்கமாட்டேன். காரணம் சொன்னால் சிரிப்பாய். குளிக்கிற இடத்துக் கதவு.

இவர்கள் குளியலறை மூலையில் கண்ணாடியால் ஒரு கூண்டு கட்டி, அதற்கு ஒரு கண்ணாடிக் கதவும் வைத்திருக்கிறார்கள். அதற்குள் நின்றுதான் ஷவரைத் திறக்க வேண்டுமாம், துணிக்கடைப் பொம்மை மாதிரி. அது போகட்டும், கதவாவது சாத்துகிறதா? எவ்வளவு அழுத்தினாலும் ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற இடுக்கு. யார் குளித்தாலும் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து, நடையைத் தாண்டி, கூடத்து விரிப்பை நனைத்துவிட்டுத்தான் நிற்கும். 'யார் குளித்தாலும்' என்று சொல்வது நான். மகன் என்ன சொன்னான் தெரியுமா? "நாங்க குளிக்கிறப்ப இவ்வளவு வர்றதில்லம்மா. நீ கதவச் சரியா சாத்துறதில்ல." மருமகள் வாயைத் திறக்கவில்லை, துடைக்கிற துணியைக் கொண்டுவந்து என் அறை வாசலில் போட்டாள். வாயைத் திறந்திருந்தாலே தேவலை. ஐந்தாம் வகுப்புவரை வகுப்பில் முதலாக வந்தவளுக்கு, இவனைப் பெற்று ஆளாக்கியவளுக்கு, கதவு சாத்தத் தெரியாதாம்!

"அப்படின்னா நீ சாத்திக் காட்டுடா" என்றேன். அங்கே ஆரம்பித்தது. பாலத்துக்கு வரைபடம் போடுகிறவன் அல்லவா, ஆற்றுக்குக் குறுக்கே கட்டுகிறவனுக்கு ஒரு விரல் இடுக்கு எம்மாத்திரம்? முதலில் டேப் ஒட்டினான். அது சுடுதண்ணீர் பட்டதும் உரிந்து, பேத்தியின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு, கத்தரிக்கோல்வரைக்கும் போனது. அடுத்து ரப்பர் பட்டை. அதைக் கதவு ஓரத்தில் மட்டும்தான் மாட்ட வேண்டும். இந்தப் புத்திசாலி, ஒன்று போட்டால் நல்லது, இரண்டு போட்டால் இன்னும் நல்லது என்று, எதிரே அசையாமல் நிற்கிற கண்ணாடியிலும் ஒன்றை ஒட்டினான். போதாததற்கு நடுவில் சிலிக்கான் பசையைப் பிதுக்கினான். காய ஒரு நாள் ஆகும் என்று பசைக் குழாயிலேயே போட்டிருந்தது. நான் வாசித்தே காட்டினேன். "உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவை ஓங்கிச் சாத்தி ஷவரைத் திறந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அவனும் வரவில்லை.

இரண்டு பட்டையும் ஒன்றோடொன்று இறுக்கிக் கொண்டுவிட்டன. தள்ளிப் பார்த்தான், கதவு நகரவில்லை. பலமாகத் தள்ளினால் கண்ணாடி உடையுமோ என்று பயம். போட்ட உடுப்போடு தொப்பலாக நனைந்து நின்று, "அம்மா, வெளியில இருந்து கொஞ்சம் இழும்மா" என்றான். நான் நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இழுக்கிறேன். அதுக்கு முன்னாடி சொல்லு, தண்ணி யாரால வந்துச்சு?"

"அம்மா, குளிருதும்மா!"

"குளிரட்டும். கதவு தப்பா, நான் தப்பா?"

"கதவுதாம்மா!"

"சத்தமா சொல்லு. உன் பெண்டாட்டிக்குக் கேக்கணும்."

கேட்டுக்கொண்டேதான் வந்தாள் அவள். சுவரில் ஒரு காலை உதைத்து ஒரே இழுப்பு. பட்டை, பசை, கைப்பிடி, என் மகன் எல்லாம் சேர்ந்து வந்தது. "அத்தை, பாவம் அவரு" என்றாள். என்மேல் பழி விழுந்தபோது இந்தப் பாவம் எங்கே போயிருந்ததாம்?

பிறகு கண்ணாடிக் கடைக்காரர் வந்து ஒற்றைப் பட்டையை முறையாகப் போட்டார். கதவு கச்சிதமாகச் சாத்துகிறது. ஆனால் கண்ணாடிக்குள் நின்று சொன்னதை வெளியே வந்து இவன் சொல்லவில்லை. கேட்டால், "அது குளிருல சொன்னதும்மா" என்கிறான். ஆகவே வருகிறேன்.

உன் பேரப்பிள்ளைகள் குறைவில்லாமல் வளரட்டும். உன் வீட்டுக் கதவுகள் சாத்தினால் சாத்தியபடி நிற்கட்டும்.

இப்படிக்கு,
யாருடைய பழியையும் சுமக்காத
உன் அக்கா

பின்குறிப்பு: பின்னறையை ஒழிக்க வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் கூடம் மறுபடி நனைந்துவிட்டது. மகன் ஓடி வந்து பார்த்து, "நீ என்னம்மா பண்ணுவ, புதுப் பட்டையும் சரியில்ல. உன்னச் சொன்னது என் தப்புதான்" என்று மண்டி போட்டு அவனே துடைத்தான். பெட்டியை மருமகளே அவிழ்த்து அடுக்கினாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அவன் உள்ளே மாட்டிக்கொண்டதைப் பார்த்ததிலிருந்து அந்தக் கதவைச் சாத்த எனக்குப் பயம். திறந்து போட்டுத்தான் குளிக்கிறேன். நாளை கடைக்காரரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். வரட்டும், அந்த ஆளுக்கும் நாலு வார்த்தை வைத்திருக்கிறேன்.