ரிப்போர்ட் அறைக்கு ஒரு புது முகப்பு

"தொடரலாமா?" என்று கணினி கேட்டது.

கேட்பதற்கு முன்னால், தான் எதையெல்லாம் நீக்கப்போகிறது என்பதைத் திரை நிறைய எழுதிக் காட்டியிருந்தது. அதை யாரும் படிப்பதில்லை. படித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் வேலையில் இருப்பவர்கள் சுத்தமாகப் படிப்பதில்லை. சிஸ்டம் எண்டரைத் தட்டினார்.

சிஸ்டம் என்பது அவர் பெயரல்ல. அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருடைய பெயர் வழக்கொழிந்துவிட்டது. மின்விசிறி ஓடவில்லை என்றாலும் சிஸ்டத்தைத்தான் கூப்பிட்டார்கள். அது ஒன்றுதான் அவரைக் கூப்பிடுவதற்கு அங்கே இருந்த காரணம்.

ஏனென்றால் கணினிகள் பழுதாவதில்லை. சேர்ந்த புதிதில் மூன்று கணினிகளிலும் அவர் ஓர் இலவச இயங்குதளத்தைப் போட்டிருந்தார். அதிலும் நிலையான பதிப்பு. உலகத்தில் புதிதாக வருகிற ஒவ்வொன்றும் பழசாகிப் புளித்த பிறகுதான் அந்தப் பதிப்புக்குள் நுழைய அனுமதி. அதனால் அது நிற்காது, விழாது, அதைச் செய்யவா இதைச் செய்யவா என்று நச்சரிக்காது. டெக்னீஷியன் ரிப்போர்ட் அடித்தார், டாக்டர் கையெழுத்துப் போட்டார், கவுண்டரில் அக்கா பில் போட்டார். சிஸ்டம் சும்மா இருந்தார்.

வீட்டில் மனைவியின் அண்ணன் வந்தபோது, மாப்பிள்ளைக்கு ஆபீசில் என்ன வேலை என்று விசாரித்திருக்கிறார். மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலைல போறார், சாயங்காலம் வர்றார்" என்றிருக்கிறாள். அதில் தப்பு கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

இப்படியே ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் அந்த நிலையத்தை ஒரு பெரிய பரிசோதனை நிறுவனம் வாங்கிவிட்டது. இன்று மதியத்துக்கு மேல் அதன் நிர்வாகி அம்மா நேரில் வந்து, யாரை வைத்துக்கொள்வது, யாருக்கு வணக்கம் சொல்லி அனுப்புவது என்று முடிவு செய்யப்போகிறார். காலையில் டாக்டர் அதைச் சொன்னதோடு நிறுத்தவில்லை.

"டெக்னீஷியனைப் பத்திச் சொல்ல விஷயம் இருக்கு. கவுண்டரைப் பத்தியும் இருக்கு. உங்களைப் பத்தி என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன் தம்பி."

டாக்டர் நல்ல மனிதர். உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டம் ரிப்போர்ட் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தார். கீழே சாம்பல் நிறப் பட்டை, ஓரத்தில் வெளுத்துப்போன சின்னங்கள், பின்னணியில் ஒரு நீலம். உரிமையாளர் வெளிநாடு போய்விட்ட வீடு மாதிரி இருந்தது. வருகிறவர் இதைத்தான் பார்ப்பார். பார்த்ததும், இங்கே ஓர் ஆள் இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கியிருக்கிறான் என்று தெரிந்துகொள்வார்.

திரைக்குப் புது முகப்பு போட்டால் தீர்ந்தது. ஓரங்கள் வளைந்து, ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு திறந்து, பட்டையெல்லாம் கண்ணாடி போல மினுங்கும் முகப்பு ஒன்று சமீபத்தில் வந்திருந்தது. நிலையான பதிப்பில் அது கிடைக்காது. இன்னும் சோதனையில் இருக்கும் பதிப்பின் மென்பொருள் கிடங்கில் கிடைக்கும். அங்கிருந்தும் சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்று கணினிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அந்த வரியை மட்டும் எழுதவே கூடாது என்று இணையக் குழுக்களில் அவரே பலரைத் திட்டியிருக்கிறார். ஆனால் அவர்கள் விஷயம் தெரியாதவர்கள்.

அப்படித்தான் கணினி "தொடரலாமா?" என்று கேட்டது, அவரும் தொடர்ந்தார்.

திரை அணைந்து, எழுந்தபோது அழகாகவே இருந்தது. சிஸ்டம் ஒரு ஜன்னலைத் திறந்து மூடினார். வழுக்கியது. இன்னொரு முறை திறந்து மூடினார். ரத்தக் குழாய்த் தட்டோடு வந்த டெக்னீஷியன் அந்த அழகை ரசித்துவிட்டு, ஒரு ரிப்போர்ட்டை அச்சடிக்கப் போனார்.

"சிஸ்டம், பிரிண்டர் எங்க?"

"அதோ, பக்கத்துலதானே இருக்கு."

"எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலயே."

பிரிண்டரை இயக்கும் பழைய மென்பொருள், புது முகப்புக்கு இடம் விட்டு வெளியேறியிருந்தது. நீக்கப்போகிறேன் என்று கணினி காட்டிய பட்டியலில் அதுவும் இருந்திருக்க வேண்டும். பரவாயில்லை, பிரிண்டருக்கும் புதியதையே போட்டுவிடலாம் என்று சிஸ்டம் கிடங்கைத் திறந்தார். புதியது வருவதற்கு இன்னொரு புதியது தேவைப்பட்டது. அது வருவதற்கு, அடியில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த ஒன்று மாற வேண்டியிருந்தது. தொடரலாமா? எண்டர்.

இந்த முறை எழுந்த கணினி கடவுச்சொல் கேட்டது. போட்டார். ஏற்றுக்கொண்டது. இருண்டது. மறுபடி கடவுச்சொல் கேட்டது.

டெக்னீஷியன் பின்னாலேயே நின்றார். "தப்பா போடுறீங்களோ?"

"தப்பா போட்டா தப்புன்னு சொல்லும்."

"சரியா போட்டா?"

"இப்படிப் பண்ணுது."

"அப்ப தப்பாவே போட்டுப் பாருங்களேன்."

டெக்னீஷியன் வெளியே போனதும் சிஸ்டம் தப்பாகப் போட்டுப் பார்த்தார். தப்பு என்று சொன்னது.

டாக்டர் நோயாளி ஒருவரோடு பரிசோதனை அறையில் இருந்தார். அவருடைய அறை காலி. சிஸ்டம் அங்கே போய், டாக்டரின் கணினியில் இணையக் குழுவைத் திறந்து தன் நிலைமையை, ஒரு நண்பரின் நிலைமை என்று எழுதினார். உடனே ஒருவர் கேட்டார்: அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இப்படியா, எல்லாவற்றிலுமா? நியாயமான கேள்வி. கோளாறு கணினியில் இருக்கிறதா, புது முகப்பில் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், நன்றாக ஓடும் இன்னொரு கணினியில் அதையே செய்து பார்ப்பதுதான் முறை. நன்றாக ஓடும் இன்னொரு கணினி அவர் கைக்கு அடியிலேயே இருந்தது.

முறைப்படி செய்தார். அதே கோளாறு, அச்சுப் பிசகாமல் வந்தது.

கொஞ்ச நேரம் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. காரணம் புது முகப்புதான் என்பது ஐயமில்லாமல் நிரூபணமாகிவிட்டது. இரண்டு கணினிகள் போய்விட்டன என்பது பிறகுதான் உறைத்தது.

இதற்குள் கவுண்டரில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஒருவர், நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். பரிசோதனை இயந்திரத்திலிருந்து முடிவுகளை பென் டிரைவில் எடுத்து வந்து டெக்னீஷியன் நீட்ட, கவுண்டர் அக்கா தன்னுடைய கணினியில் போட்டு, பில் அடிக்கும் பிரிண்டரிலேயே ஒவ்வொன்றாக அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாம்பல் பட்டையும் பழைய நீலமும் அங்கே மட்டும்தான் மிச்சம்.

வெளியேறிய பழைய மென்பொருளை இணையத்திலிருந்து மறுபடி இறக்கி எடுக்க ஓர் ஓடும் கணினி வேண்டும். சிஸ்டம் கவுண்டருக்குள் நுழைந்தார்.

"அக்கா, அஞ்சு நிமிஷம் எழுந்துக்கங்க."

"எதுக்கு?"

"உங்க கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன வேலை."

"அந்த ரெண்டுலயும் பண்ணீங்களே, அந்த வேலையா?"

"இல்லக்கா. சும்மா பார்த்துட்டு விட்டுடறேன்."

"பார்க்கணும்னா அங்கேயே நின்னு பாருங்க. கையைப் பின்னால கட்டிக்கங்க."

வரிசையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தவர் சிரிக்கவில்லை, சிஸ்டத்தை முறைத்தார். சிஸ்டம் ரிப்போர்ட் அறைக்கே திரும்பி, முகப்பு எதுவும் இல்லாமல் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கணினியை எழுப்பி, தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு கட்டளைக்கும் கணினி ஒரு பக்கம் வருத்தம் தெரிவித்தது.

நிர்வாகி அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் எதுவும் இல்லை. டாக்டர் அவரை முதலில் ரிப்போர்ட் அறைக்குத்தான் அழைத்து வந்தார். திரையைப் பார்த்ததும், தன்னுடைய ரத்தப் பரிசோதனை முடிவைத் தானே படிக்கும் ஆள் மாதிரி டாக்டரின் முகம் மாறியது.

"அப்டேட் நடக்குது மேடம்" என்றார்.

அந்த அம்மா திரையில் ஓடும் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது அடிக்கடி நடக்குமா?" என்று சிஸ்டத்திடம் கேட்டார்.

வேலை இருக்குமா போகுமா என்பது இந்த ஒரு பதிலில் இருக்கிறது என்று சிஸ்டத்துக்குத் தெரிந்தது. அது சரியான கணிப்புதான்.

"தினமும் ஏதாவது புதுசா மாத்திட்டே இருப்பேன் மேடம். ஒரு நாள் கூட சும்மா விட்டதில்ல."

டாக்டர் வாயைத் திறந்தார். பிறகு, ஊழியரின் எதிர்காலத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, மூடிக்கொண்டார்.

"எங்ககிட்டயும் உங்களை மாதிரி ஆளுங்க இருக்காங்க" என்றார் நிர்வாகி அம்மா. "நிறைய."

அவர் அறையை விட்டுப் போனதும் சிஸ்டம் நாற்காலியில் சாய்ந்தார். நிறைய பேர் இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு ஒரு தலைவர் வேண்டும். அடுத்த முறை மனைவியின் அண்ணன் வரும்போது மனைவி சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். அதில் "கீழ பத்துப் பேர்" என்ற சொற்கள் வந்தன.

கண்ணாடிக் கதவு வழியே கவுண்டர் தெரிந்தது. நிர்வாகி அம்மா நேராக அக்காவிடம் போய்ப் பேச ஆரம்பிக்க, அக்கா தலையைத் தூக்காமலே வரிசையின் கடைசியைக் கையால் காட்டினார். டாக்டர் பதறிப்போய் ஓடினார். அந்த அம்மா அவரைத் தடுத்துவிட்டு, போய்க் கடைசியில் நின்றார். வரிசை நகர்ந்தது. ஆபரேஷன்காரர் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். அந்த அம்மாவின் முறை வந்தபோது இருவரும் ரொம்ப நேரம் பேசினார்கள். ஒரு கட்டத்தில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அப்புறம் கார் கிளம்பியது. வழியனுப்பிவிட்டு வந்த டாக்டர், ரிப்போர்ட் அறையைத் தாண்டும்போது சுவரில் இருந்த சர்க்கரை நோய் விளம்பரத்தை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டே போனார்.

சிஸ்டம் கவுண்டருக்கு வந்தார். கூட்டம் கலைந்திருந்தது. அக்கா பிரிண்டருக்குக் காகிதம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மேடம் என்னக்கா சொன்னாங்க?"

"நாளையிலேர்ந்து இங்க கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பாம். பாஸ்வேர்டெல்லாம் உங்ககிட்ட இன்னைக்கே கேட்டு வாங்கிக்கச் சொன்னாங்க."

"அக்கா, உங்களுக்கு அதுல என்ன தெரியும்?"

"நானும் அதையேதான் சொன்னேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது, இத்தனை வருஷத்துல நான் எதையும் தொட்டதே இல்லைன்னேன்" என்ற அக்கா, பிரிண்டரின் தட்டை உள்ளே தள்ளினார். "அதுக்குத்தான் சம்பளமேன்னு சொல்லிட்டாங்க."