ஐந்தாம் ஞாயிறும் அருளையாவின் மகளும்

அன்புத் தங்கச்சி சந்திரமதிக்கு,

பலேர்மோவிலிருந்து உன் பெரியண்ணன் இராஜதுரை எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் என் முழங்காலைத் தவிர இங்கே யாவும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நடந்தது முழுவதும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். சொன்னபோது பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை, அவ்வளவே.

உன் மகன் ஸ்ரீபன், எங்கள் சபைத் தலைவர் அருளையாவின் மகள் செலஸ்ரீனாவைத்தான் கட்டுவேன் என்று நிற்பது உனக்குத் தெரியும். "பொறுப்பில்லாத பெடியனுக்கு என்ரை பிள்ளை இல்லை" என்று அருளையா ஒரு மிலானோ மாப்பிள்ளைக்குச் சொல் கொடுக்க இருந்தார். மண்டபத்தைப் பூட்டுகிற திறப்பு, மைக், ஞாயிறு விருந்துச் சட்டி எல்லாம் தன் கையிலேயே வைத்திருக்கும் மனிதர். பிரஷர் ஏறி விழுந்த பிறகும் கட்டிலில் படுத்தபடி கறிக்கு உப்புப் பார்த்தவர். அப்போது நான்தான் போய், "அண்ணை, சாலமோன் ராசாவே தனியாச் சமாளிக்கேல்லை. நாட்டைப் பிரிச்சுப் பன்னிரண்டு மணியகாரரை வைச்சவர். மாதத்துக்கு ஒருத்தர் எண்டு அரண்மனைக்குச் சாப்பாடு குடுத்தவை" என்றேன். ராசாவோடு ஒப்பிட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது? பலேர்மோவை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு மாதம் என்று வைத்தோம். அல்பெர்கேரியாவுக்கு ஒருவர், போர்கோ வெக்கியோவுக்கு நான், பிரான்காச்சோவுக்கு, என் சாதுரியத்தால், ஸ்ரீபன். திறப்பும் மாத முறைக்காரர் கையில்.

ஸ்ரீபன் தன் மாதத்தில் நான்கு ஞாயிறும் பஸ்ஸில் சட்டியோடு வந்து அசத்திவிட்டான். பிறகு ஐந்தாவது ஞாயிறு வந்ததே! நாலோடு தன் முறை முடிந்ததென்று அவன் நினைக்க, அடுத்த மாதம் என்னுடையது, அது பிறக்கட்டும் என்று நான் இருக்க, செபம் முடிந்து சனம் சாப்பாட்டுக் கோப்பைகளோடு வரிசையில் நிற்கிறது, சாப்பாடு இல்லை.

அருளையா எழும்பினார். "இதுக்குத்தான் நான் ஒருத்தரையும் நம்புறேல்லை. திறப்பை வையடா. இண்டைக்கே மிலானோவுக்குப் போன் எடுக்கிறன்."

செலஸ்ரீனா சுவரைப் பார்த்து நின்றாள். ஸ்ரீபன் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடினான். ஓடியே போய்விட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை, கதிரைக்குக் கீழே என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு கூச்சல். பல்லாரோ சந்தையில் கடலைமாத் துண்டு பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்கிற கிழவரை, கொதிக்கிற எண்ணெயோடும் வண்டியோடும் தள்ளிக்கொண்டு வாறான் உன் மகன்! பத்து வண்டி என்று எழுதத்தான் கை வந்தது, உள்ளது ஒன்றுதான். சனம் விழுந்து விழுந்து சாப்பிட்டது. அருளையாவும் இரண்டு பாண் சாப்பிட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் விடுவேனா? "அண்ணை, சாப்பாடு குறையாமல் குடுத்த மணியகாரருக்குச் சாலமோன் ராசா தன்ரை மகளையே கட்டிக் குடுத்தவர். வேதத்திலை கிடக்கு."

"கிடக்கோ பிள்ளை?" என்று அருளையா மகளைக் கேட்டார். ஞாயிறு பள்ளியில் படிப்பிக்கிறவள், வேதத்தைக் கரைத்துக் குடித்தவள். என் நெஞ்சு அடித்த அடி தீவின் மறுகரைக் கத்தானியா வரை கேட்டிருக்கும். அவள் எண்ணெய் தெறித்த ஸ்ரீபனின் சட்டையைப் பார்த்தாள்.

"ஓம் அப்பா. கிடக்கு. நான் வாசிச்சனான்."

அருளையா திறப்பை எடுத்து ஸ்ரீபனிடம் நீட்டினார். "மண்டபத்தை நீயே பூட்டு. வடிவாப் பூட்டோணும்."

வாற ஞாயிறு இரண்டு பேருக்கும் நிச்சயதார்த்தம். உனக்கும் மச்சானுக்கும் சமாதானமும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் முடித்துவைத்த அண்ணன்,
இராஜதுரை

பி.கு.: ராசா தன் மகள்மாரை இரண்டு மணியகாரருக்குக் கொடுத்தது உண்மைதான். சாப்பாட்டுக்காகக் கொடுத்தார் என்பது என் கைச்சரக்கு. வேதத்தில் எங்கும் இல்லை. நிச்சயத்துக்குப் போதகர் வருகிறார், அந்த இடத்தை அவருக்கு முன்னால் செலஸ்ரீனாதான் வாசிக்கவேண்டுமாம், அருளையா சொல்லிவிட்டார். நேற்று இந்த முழங்காலோடும் அவளிடம் ஓடினேன். "பயப்பிடாதேங்கோ மாமா," என்றாள், "இல்லாத இடத்தையும் நான் வடிவா வாசிப்பன்."