ஆரஞ்சு மருந்தும் அவிழ்ந்த வேட்டியும்

மருந்து பாட்டிலில் பொடி எழுத்தில் இருப்பதை நான் படித்ததே கிடையாது. அட்டையில் குழந்தை சிரித்தால் நல்ல மருந்து, அவ்வளவுதான் என் மருத்துவ ஞானம். (இத்தனைக்கும் வேதியியல் பட்டதாரி!)

அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் மோர்க் கடையில் மூச்சு விட நேரமில்லை. ஏழு வயது மகள் யாழினி வீட்டிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பல்லு வலிக்குதுப்பா."

"அம்மா மருந்து குடுத்தாங்களா?"

"இல்லப்பா."

அவளுக்கென்று கடையில் வைத்திருந்த ஆரஞ்சு நிற வலி மருந்தைக் கொடுத்தேன். சப்புக் கொட்டிக் குடித்துவிட்டுக் கடைக்குள்ளேயே தூங்கிப்போனாள்.

சற்று நேரத்தில் என் மனைவி செல்வி வந்தாள். "இப்பதான பிங்க் மருந்து குடுத்து அனுப்புனேன். நீங்களுமா குடுத்தீங்க?"

"அது பிங்க், இது ஆரஞ்சு. வேற வேறதான?"

இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்து, வாழ்க்கையில் முதன்முறையாகப் பொடி எழுத்தைப் படித்தோம். பெயர்தான் வேறு. உள்ளே இருந்தது இரண்டிலும் பாராசிட்டமால்.

"ஐயையோ, புள்ளைக்கு ஜாஸ்தியாப் போயிடுச்சே!" என்று செல்வி அலறினாள். பாட்டில்களைப் பையில் திணித்து, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் இருப்பது செங்கம் ரோட்டில். வண்டி போகாது. கிரிவலக் கூட்டம் மொத்தமும் எனக்கு எதிரே வருகிறது.

"சாமி, ரிவர்ஸ்ல போறீங்க! இப்பிடி வரணும்!"

பாதி வழியில் வேட்டி வேறு அவிழ்ந்தது. ஒரு கையில் மகளையும் மறு கையில் மானத்தையும் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் அவளை எடை பார்த்தார். பாட்டில்களைப் பார்த்துக் கணக்குப் போட்டார். நான் கும்பிடாத சாமி இல்லை.

"இவ எடைக்கு இது பயப்படற அளவு இல்லீங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் அடுத்த டோஸ் கூடாது. மருந்துல வலிதான் அடங்கும், சொத்தை போகாது. நாளைக்கே பல் டாக்டர்கிட்ட காட்டுங்க."

அப்பாடா! அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். சத்தத்தில் யாழினி விழித்தாள்.

"உனக்கும் பல்லு வலியாப்பா? பிங்க் வேணாம், ஆரஞ்சு குடி. நல்லாருக்கும்."

இரண்டையும் ருசி பார்க்கத்தான் அம்மா கொடுக்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறாள், கள்ளி! திட்ட வாய் வரவில்லை. கட்டிக்கொண்டேன்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. தலைவலி என்று நான் மாத்திரையை எடுத்தால் போதும், ஓடி வந்துவிடுவாள். "அம்மா ஏற்கெனவே குடுத்தாங்களா? பொடி எழுத்தைப் படிச்சியா?" என்று விசாரித்து முடித்துவிட்டு, கடைசியாக ஒன்று சொல்வாள்:

"எதுக்கும் வேட்டிய இறுக்கிக் கட்டிக்கோப்பா."